செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போனவர்கள்

காலையில் அடுக்கி வைத்துவிட்டுப் போன கதிரைகளில் மூன்று இறங்கிக் கிடந்தன.

யசோதினி ஸ்கூட்டரைக் கேற்றடியில் நிறுத்திவிட்டு அவற்றையே பார்த்தாள். அம்மாவின் செத்தவீட்டுக்கு வாடகைக்கு எடுத்த நீலப் பிளாஸ்டிக் கதிரைகள். வாடகைக்குக் கொடுத்த கனகசிங்கம் மாமாவும் அம்மாவுக்குப் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் திருப்பி எடுக்க ஆள் வரவில்லை. மாமரத்தின் கீழ் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் வைத்திருந்தாள். இப்போது மூன்று மட்டும் தனியே, வீட்டு வாசலைப் பார்த்தபடி, துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் போடுகிற அதே இடைவெளியில் வரிசையாக நின்றன. முதல் கதிரையில் வயர் சுற்றுகிற கறுப்பு ரேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டாவதன் கைப்பிடியில் வெற்றிலைச் சாறு. மூன்றாவது யாரோ துண்டால் துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். தம்பி நிதுர்ஷனின் வேலை என்று நினைத்தாள். நாளைக்குக் கண்காட்சி பார்க்க ஆட்கள் வருகிறார்களே, கதிரையையும் கலையாக்கிவிட்டான் என்று பல்லைக் கடித்தாள். அவன் கொழும்பில் இருக்கிறான், விடியத்தான் வான் வண்டியில் புறப்படுவான், வளவுச் சாவி தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகத்தான் நினைவுக்கு வந்தன.

பக்கத்து வளவுப் பெண் பின்னேரம் போன் எடுத்திருந்தாள். உங்கட மனுசன் வந்து நிற்கிறார் போல, உள்ளே அவருடைய குரல் கேட்டது, வீட்டைத் திறந்து என்ன செய்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். யசோதினி அப்போது களுவாஞ்சிக்குடியில் தன் வீட்டில் உடுப்புக் காயவைத்துக்கொண்டிருந்தாள். கணவன் மதுரன் பொலன்னறுவையில் லொறிக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்தான். கொடியில் போட்ட சாரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. வந்தவர்கள் எழும்பி, யாருடைய முகத்தையும் பாராமல், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டவேண்டியதுதான். வேறெந்த வீட்டிலும் போயிட்டு வாறன் என்று சொல்லாமல் படியிறங்கினால் மரியாதை கெட்டுப்போகும். செத்தவீட்டில் சொன்னால் இன்னொரு சாவை அழைப்பதாகும். இந்தப் பக்கத்தில் நண்டு சிண்டுக்கும் இது தெரியும். அவளுடைய தம்பி நிதுர்ஷனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அம்மாவின் எட்டாம் நாளன்று கேற்றடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிறவர்களிடம் எல்லாம், அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லிட்டுப் போங்க என்று கேட்டான்.

சனம் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போயிற்று. சொன்னவர்கள் மூன்றே பேர். ஆயுள் முழுக்க லவுட்ஸ்பீக்கர் கட்டித் திரிந்த கனகசிங்கம் மாமா, மைக் வாய்க்கு நேரே வந்தால் பேசாமல் இருக்க மாட்டாதவர். “கண்ணகை மச்சாள், போயிட்டு வாறன்” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கணீரென்று சொன்னார். சித்தாண்டிப் பெரியம்மா வெற்றிலை வாயோடு அழுத அழுகையில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் செத்துப்போன தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டாள். மூன்றாவது மதுரன். தாயைப் பறிகொடுத்த பெடியன் கெஞ்சுகிறானே என்று பாவப்பட்டு, மாமி, போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான். கடைசியில் நிதுர்ஷன் தன்னுடைய குரலையும் பதிந்துகொண்டான்.

கனகசிங்கம் மாமாவிடம் பழைய ரெக்கோட்டுகள், பாட்டுப் போடுகிற கறுப்பு இசைத்தட்டுகள், சாக்குச் சாக்காக இருந்தன. பென்ட்ரைவ் வந்த பிறகு அவற்றைச் சீண்டுவாரில்லை. நிதுர்ஷன் அவற்றை வாங்கிவந்து, அம்மாவின் குசினியில் கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒவ்வொன்றாக முக்கி இளக்கி, அம்மா சோறாக்கிய பானையின் மேல் கவிழ்த்து அழுத்தி அழுத்தி உதடு விரிந்த வாய்களாகச் செய்தான். சாவுத் துடக்குக் கழியாத வீடு. அந்தக் கரிய நாற்றம் திரைச்சீலை, தலையணை, அம்மாவின் சேலை எல்லாவற்றிலும் ஏறிப் படிந்தது. யசோதினி அன்று கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வீடு அவளுடையது. கல்யாணத்துக்கு அம்மா அவளுக்கு எழுதிக்கொடுத்த வீடு, அம்மா இருக்கும்வரைக்கும் இருக்கட்டும் என்று விட்டிருந்தாள். தம்பி அலட்டிக்கொள்ளவில்லை.

“வீடு உன்ட வீடுதான் அக்கா. குரல் எல்லாருக்கும் பொது.”

அந்த வசனத்துக்காகவே அவனை அறைந்திருக்கவேண்டும் என்று அவள் இன்றுவரை நினைக்கிறாள். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு தரம் வந்து எட்டிப் பார்க்காதவன். மலம் அள்ளியவள் இவள், மருந்து ஊட்டியவள் இவள். செத்த பிறகு வந்து, பிரிவின் ஓசை என்று பேர் வைத்து, கொழும்புக்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் கடை விரிக்கிறான். அவர்கள் வந்து, கண்ணைக் கசக்கி, படம் எடுத்து, ரோல்ஸும் பற்றிஸும் தின்றுவிட்டுப் போவார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது மிச்சம் என்பார்கள். அம்மாவின் வீட்டில் இவன் பிடுங்கியது அம்மாவின் குரலை.

அதுவும் இவளுடைய போனிலிருந்துதான் எடுத்தான். அம்மா அனுப்பிய குரல் செய்திகளைக் கேட்கவேண்டும் என்று அழுதான், கொடுத்தாள். ஒரு செய்தியில் அம்மா கறிக்கு மீன் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ வாசலில் விடைபெற, அம்மா வாயை அந்தப் பக்கம் திருப்பி, ஓம், வாங்க என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்வாள். அந்த ஓம், வாங்க மட்டும் வெட்டி எடுக்கப்பட்டது. ஹோலின் நடுவே, அம்மாவைக் கிடத்தியிருந்த அதே இடத்தில், ஆள் உயரத்துக்குப் பல ரெக்கோட்டுகளை உருக்கி ஒட்டிய பெரிய வாய் நின்றது. சுற்றிவர, முகத்தின் உயரத்தில், இரும்புக் கம்பிகளில் நான்கு சின்ன வாய்கள். ஒவ்வொன்றின் தொண்டையிலும் ஒரு ஸ்பீக்கர். கிட்ட ஆள் நடமாடினால் சின்ன வாய் விடைபெறும், பெரிய வாய் பதில் சொல்லும். அவ்வளவுதான் அவனுடைய கலை.

ஆனால் யாரும் நடமாடாத வீட்டிலும் அது பேசியது. அம்மாவின் படத்துக்கு விளக்கு வைக்க வந்த ஒரு பின்னேரம், அவள் இன்னும் கேற்றைக்கூடத் திறக்கவில்லை, கனகசிங்கம் மாமா உள்ளே விடைபெறுவதும் அம்மா வாங்க என்பதும் கேட்டது. அன்றிரவே கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்ட ஏறிய தென்னையிலிருந்து மாமா விழுந்தார். அடுத்த கிழமை பெரியம்மாவின் அழுகைக் குரல். அம்மா வாங்க என்றாள். பெரியம்மா படுத்த பாயில் எழும்பவில்லை. வயது போனவர்கள், நடப்பதுதான் என்று ஊர் சொன்னது. நிதுர்ஷனிடம் போனில் சொன்னபோது அவன், இது நல்ல கதை அக்கா, வாறவங்களுக்கு நீயே சொல்லு என்றான். அவள் போனை வீசியடித்ததில் கண்ணாடி வெடித்தது.

வெடித்த அந்தக் கண்ணாடியில்தான் இப்போது மதுரனின் இலக்கத்தைத் தேடி அழுத்தினாள்.

“இஞ்சாருங்க, எங்க நிக்கிறீங்க?”

“வெலிக்கந்தையில. என்ன புள்ள?”

“லொறிய ஓரமா விடுங்க. இண்டைக்கு வர வேணாம்.”

இரவில் ரோட்டுக்கு வருகிற யானைக்குப் பயமா என்று அவன் சிரித்தான். அவள் ஓம் என்று சொன்னாள். யானை என்றால் அவனுக்கு விளங்கும். இதை எப்படி விளங்கப்படுத்துவது. ரீக்கடையடியில் லொறியை விட்டுவிட்டு அங்கேயே படுப்பதாக அவன் ஒத்துக்கொண்டான்.

“சரி. விடிஞ்சாப்போல வாறன்.”

“வாறன் எண்டு சொல்லாதீங்க.”

“மறுகா என்னத்தச் சொல்ற?”

“ஒண்டும் சொல்லாம வைங்க.”

மறுமுனையில் ரீ ஆற்றுகிற சத்தமும் பஸ் ஒன்றின் ஹோனும் கேட்டன. பிறகு அவன் ஒன்றும் சொல்லாமலே போனை வைத்தான். கல்யாணம் கட்டிய நாள் முதல் அவன் அப்படி வைத்ததில்லை.

அவள் கதவைத் திறந்தாள். மைமல் பொழுது, கரண்ட் இல்லை. ஆற்றுப் பக்கத்து ஜன்னலால் கொஞ்ச வெளிச்சம் வந்து சீமெந்துத் தரையில் கிடந்தது. அதோடு சேற்று மணமும், வலை காயப்போட்ட மணமும், அவற்றுக்கெல்லாம் மேலே, மாதமாகியும் போகாத அந்த உருகிய ரெக்கோட்டின் நாற்றமும். இன்று அது பழைய நாற்றமாக இல்லை. இப்போதுதான் யாரோ கிடாரத்தை இறக்கிவைத்ததுபோலச் சூடாக இருந்தது. ஹோலுக்குள் காற்றே இல்லை. சுவரில் பல்லி அசையவில்லை. எங்கோ தெருவில் மோட்டார் சைக்கிள் ஒன்று போய்த் தேய்ந்தது, பிறகு அவளுடைய சொந்த மூச்சு மட்டும் அந்தக் கரிய வாய்களுக்குள் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

போன தடவை நான்கு சின்ன வாய்களும் நடுவிலிருந்த அம்மாவைப் பார்த்தபடி நின்றன. இப்போது முதல் இரண்டும், மாமாவுடையதும் பெரியம்மாவுடையதும், வாசலுக்குத் திரும்பியிருந்தன. அவற்றின் உதடுகள் கீழே தொங்கி, நீண்டு, நூல்போல இழுபட்டுத் தரையைத் தொட்டன. மதுரனின் வாய் பாதி திரும்பியிருந்தது.

பாதிதான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வளவுப் பெண் மதுரனின் குரலைக் கேட்டதாகத்தான் சொன்னாள், அம்மாவின் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விடைபெற்றிருக்கிறான், பதில் இன்னும் வரவில்லை. வாங்க என்று வீட்டுக்காரி சொல்லாமல் யார் படியேறுவார்கள்? நாய்கூட வராது. அப்படியென்றால் பிடுங்கவேண்டியது மதுரனின் வாயை அல்ல.

அவள் அசையாமல் நின்றாள். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் அது பேசாது என்று தம்பி சொல்லியிருந்தான்.

“மாமி, போயிட்டு வாறன்.”

மதுரனின் குரல். அவள் இமைகூட வெட்டவில்லை. பெரிய வாயின் தொண்டையில் காறுகிற சத்தம் ஒன்று எழுந்தது, ஊசி வைத்ததும் பாட்டு வருவதற்கு முன்னால் ரெக்கோட் கரகரக்கிற அந்தச் சத்தம். அவள் பாய்ந்தாள். தோள்வரைக்கும் கையை அந்தத் தொண்டைக்குள் விட்டாள். உள்ளே சூடு. காய்ச்சல்காரரின் வாய்க்குள் கை விட்டதுபோன்ற ஈரச் சூடு. கோடு கோடாகச் சுழன்றோடிய ரெக்கோட்டின் வரிகள் அவளுடைய தோலில் உரசின. விரலில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டது. “ஓ” என்று அது தொடங்கியது, அம்மாவின் ஓ, மீன் கறியும் வெற்றிலையும் மணக்கிற அந்த ஓ. யசோதினி பிடுங்கினாள். வயர், பற்றரி, மெமரிக் கார்ட் எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்தன. தரையில் போட்டு மிதித்தாள். அம்மிக் குழவியைத் தூக்கிவந்து குத்தினாள். பிறகு வாயையும் குத்தினாள். அது உடையாமல் நெளிந்தது, நெளிய நெளியக் குத்தினாள், கடைசியில் ஓர் ஓரம் வெடித்துச் சிதறியது. தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவனுடைய மைக்கை, அவனுடைய படிப்பை, அவனுடைய வெள்ளைக்காரரை, செத்தவளையும் வேலை வாங்குகிற அவனுடைய கலையை. அம்மாவையும் திட்டினாள். ஆரைக் கண்டாலும் வாங்க வாங்க எண்டு கூப்பிடுற வாய் உனக்கு என்று சொல்லி அழுதாள்.

பிறகு அமைதி. மதுரனின் வாய் பாதி திரும்பியபடியே நின்றது. காத்துக்கொண்டு நின்றது. பதில் வரவில்லை.

நாற்றம்கூடக் கொஞ்சம் குறைந்ததுபோலத் தெரிந்தது. அப்போதுதான் உள்ளங்கை எரிவதை உணர்ந்தாள். வெடித்த ஓரம் வெட்டி இரத்தம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. கழுவிவிட்டுக் கத்தியோடு வந்து மற்ற நான்கையும் இறக்கி ஆற்றில் எறிந்துவிடலாம், நாளைக்கு வருகிறவர்கள் வெறும் ஹோலைப் பார்த்துப் பற்றிஸ் தின்னட்டும் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

குசினி அம்மாவின் காலத்தில் இருந்தபடியே இருந்தது. பைப்பைத் திறந்ததும் குளிர்ந்த நீர் வந்தது. ஜன்னலுக்கு அப்பால் ஆறு கடைசி வெளிச்சத்தில் வெளிறிக் கிடந்தது, யாரோ ஒருவர் தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இரத்தம் சிவப்பாக ஓடி, ரோஸாகி, தெளிந்தது. மதுரன் இந்நேரம் ரீக்கடை வாங்கில் படுத்திருப்பான், நுளம்புக்குச் சாரத்தை இழுத்துத் தலைவரை மூடியிருப்பான். விடியட்டும். விடிந்ததும் தானே போன் எடுத்து வரச் சொல்வாள். பைப்பின் கீழே கையைத் திருப்பித் திருப்பிக் கழுவினாள்.

“யசோ, போயிட்டு வாறன்.”

“ஓம், வாங்க.”

சொல்லிவிட்டாள்.

ஒவ்வொரு விடியற்புறமும் சொல்கிற பதில். அடுப்படியில் நின்றபடி, திரும்பிப் பாராமல், கை வேலையில் இருக்க, நாக்கு மட்டும் தானாகச் சொல்கிற பதில். லொறிச் சாவி கிலுங்க அவன் விடைபெறுவதும் இவள் இப்படிச் சொல்வதும் எத்தனை வருசப் பழக்கம்.

பைப்பை மூடினாள். சொட்டு. சொட்டு.

மதுரன் பதிந்துகொடுத்தது மாமி என்று. யசோ என்று அல்ல.

செத்தவீடு முடிந்த அன்று பெரியம்மா இதே குசினியில் அவளுடைய நாடியைப் பிடித்துச் சொன்னது இப்போது காதில் கேட்டது. இனி இந்த வீட்டுக்கு வாறாக்கள வாங்க எண்டு சொல்றது நீதான் புள்ள.

ஹோலுக்குள் வந்தாள். மதுரனின் வாய் முழுதாக வாசலைப் பார்த்தது. உதடு தொங்கியது. மெதுவாக. நூலாக. தரையைத் தொட்டது.

கையில் போன் அடித்தது. தெரியாத இலக்கம். வெடித்த கண்ணாடிக்குள் அது ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. எடுத்து என்ன கேட்பது. யார் பேசினாலும் ஒன்றைத்தான் சொல்லப்போகிறார்கள்.

வளவில் ஒரு சத்தம். பாரமான ஒருவர் உட்காரும்போது பிளாஸ்டிக் கதிரையின் கால்கள் மணலில் இறங்குகிற சத்தம்.

டீசல் மணம் வந்தது. அவன் வீட்டுக்குள் வந்தால் அவனுக்கு முன்னால் வருகிற மணம்.

மூன்று பேர் இருந்தார்கள். முதுகு நிமிர்ந்து, கைகள் மடியில், துக்கத்துக்கு வந்தவர்கள் இருக்கிறபடி. ஒருவர் தோளில் சுற்றிய வயர். ஒருத்தியின் வெள்ளைச் சேலை. மூன்றாவது ஆளின் கழுத்தில் மதுரனின் நீலத் துவாய். நேற்று அவள் தோய்த்துக் கொடுத்த துவாய்.

“இஞ்சாருங்க” என்றாள். சத்தம் வரவில்லை.

மூன்றும் அவளைப் பார்த்தன. முகங்கள் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. வட்டமான, மினுங்குகிற கறுப்பு. அதில் வரிகள், வரிக்குள் வரிகள். நடுவில் ஓட்டை. துவாய்க்கு மேலிருந்த கறுப்பு இன்னும் இளகியிருந்தது, சூட்டில் நெளிந்தது, கன்னம் இருக்கவேண்டிய பக்கம் சொட்டியது. வரிகள் சுழலத் தொடங்கின.

அவளுக்குப் பின்னால், ஹோலில், கம்பி ஒன்று கிரீச்சிட்டது.

நான்காவது வாய்.

“அக்கா, போயிட்டு வாறன்.”

தம்பியின் குரல். அதே மெத்தனம். அதே சிரிப்பு. சொல்லிவிட்டு அது நின்றது. பதிலுக்கு நின்றது. வளவில் மாமரத்தடி அடுக்கிலிருந்து ஒரு கதிரை வழுக்கி இறங்கியது, மணலில் இழுபட்டு வந்தது, வரிசையில் நின்றது. மூன்று கறுப்பு முகங்களும் அவளுடைய வாயையே பார்த்தன.

யசோதினி பல்லை இறுக்கிக் கடித்தாள். இரத்தம் வழிகிற கையால் வாயைப் பொத்தினாள். சீதன வீடு. ரெக்கோட் அழுத்திய பானை. நீலத் துவாய். கோபம் வயிற்றிலிருந்து ஏறி நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது.

“அக்கா” என்றது மறுபடியும்.

கைக்குள்ளே, பல்லுக்குப் பின்னால், அவளுடைய நாக்கு அசைந்தது.